படங்குக் கட்டு

காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி நோர்வூட் பக்கம் போகும் பாதையில், பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ஒரு காலையில்தான் அந்த ஆட்களைப் பார்த்தேன். கீழே தண்ணீர் ஓரத்தில் ஒரு வேன் நின்றது. நாலைந்து பேர் கறுப்பு ரப்பர் உடுப்புக்குள் தங்களைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். அணைப் பக்கம் ஏதோ பழுது பார்க்க மூழ்கப் போகிறார்களாம். பாதையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் ஒரு காலை உள்ளே விடுவதற்கே கல்லில் உட்கார்ந்து மல்லுக்கட்டினார். இன்னொருவர் தலையுறையை இழுத்து மாட்டியதும் கன்னம் இரண்டும் முன்னால் பிதுங்கின. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, தாடைக்கடியில் ஒரு விரலை விட்டு நெகிழ்த்திக்கொண்டார். முதுகில் உருளை, இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பட்டை, கையில் தடித்த உறை. வேனிலிருந்து தண்ணீர் வரைக்கும் இருபது எட்டுத்தான் இருக்கும். அந்த இருபது எட்டை அவர்கள் நடந்த நடையைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். கொழுந்து பறித்தே முப்பத்தெட்டு வருசம் போனது என்று சற்று முன்தான் சொல்லியிருந்தார். வேறு எதையும் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அந்தக் கடைசி ஆளு பட்டைய எலும்பு மேல கட்டியிருக்காரு தம்பி. வேல முடியுறதுக்குள்ள வலி எடுத்திரும். நாலு வெரல் ஏத்திச் சதையில கட்டணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் மூழ்குகிறவர்களுக்கே பாடமா அக்கா என்றேன்.

"தண்ணியில முங்குனா என்னா, பனியில முங்குனா என்னா? எல்லாம் படங்கு கட்டுறதுதான்."

படங்கை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். ஆனால் அவர் அந்தப் பட்டையைப் பார்த்த மாதிரி நான் படங்கை ஒரு நாளும் பார்த்ததில்லை. இலங்கை மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நிற்கும் பெண்ணின் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும், சேலைக்கு மேலே, முரட்டுத் துணி ஒன்று இறுகச் சுற்றியிருக்குமே, அதுதான் படங்கு. ஒரு காலத்தில் அது சணல் சாக்கு. பிறகு தார்ப்பாய்த் துண்டு, பிரித்துத் தைத்த உரச்சாக்கு, தடித்த பொலித்தீன் என்று மாறி வந்தது. வெட்டி வெட்டி இடுப்பளவில் நிறுத்தப்பட்ட தேயிலைச் செடியின் மேல்பக்கம் பச்சை மேசை போலத் தெரியும். அந்த மேசைக்குக் கீழே இருப்பது முழுக்க முறுகிய விறகு. நிரைக்குள் நுழைந்து நகரும் பெண்ணின் தொடையையும் இடுப்பையும் அந்த விறகு நாள் முழுக்கச் சுரண்டும். இலை நுனிகளில் தங்கிய பனியும் மழையும் இடுப்புக்குக் கீழேதான் இறங்கும். இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே வேலி, படங்கு.

சுற்றுலாப் படங்களில் படங்கைக் காண முடியாது. தேயிலைப் பெட்டிகளின் மேலும், 1990களில் புழங்கிய இலங்கையின் 100 ரூபாய்த் தாளின் பின்புறத்திலும் கொழுந்து பறிக்கும் பெண்கள் உண்டு. நாட்டுக்கு அவர்கள் அழகான அடையாளம். படம் பிடிக்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் வண்ணச் சேலை, கூடை, சிரிப்பு. படங்கு கொஞ்சம் அசிங்கம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு இப்போது அந்தப் படத்தில் மிக அழகான பகுதி அதுதான் என்று தோன்றுகிறது.

விடியலில் இருந்து தொடங்கலாம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. தை மாதத்து இரவுகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து, கொழுந்தின் நுனியையே கருக்கிவிடும். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் அவ்வளவு உயரமில்லை. அங்கே குளிர் மழையோடு சேர்ந்து வரும்; வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் எதுவும் காயாது. ஆகவே அந்த அக்கா சொல்கிற முதல் எதிரி மலையில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நேற்று நனைந்த படங்கு இன்று காலையும் ஈரமாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான உடம்பில் அந்த ஈரச் சாக்கைச் சுற்றுகிற கணம்தான் அன்றைய நாளின் மிகக் குளிரான கணம். மலையில் அதற்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அந்த அளவுக்கு உடம்பு அதிராதாம்.

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி, அடுப்புக்கு மேலே ஒரு கொடி. இரவுச் சமையல் முடிந்து தணல் அடங்கும்போது படங்கை அதில் போடுவார்கள், உட்பக்கம் கீழே பார்க்க. முழுக்கக் காயாது, காய வேண்டியதும் இல்லை. உடம்பில் படப்போகிற அந்த ஒரு பக்கம் மட்டும் புகையிலும் சூட்டிலும் கொஞ்சம் வறண்டால் போதும். வெளிப்பக்கம் ஈரமாகவே இருக்கட்டும், மலைக்குப் போனால் எப்படியும் நனையத்தானே போகிறது. எந்தப் பக்கத்துக்குத் தணலைச் செலவழிப்பது என்ற அந்தக் கணக்கை நினைத்து நினைத்து நான் வியந்திருக்கிறேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் பெண்கள் கூடி நிற்கும் இடத்தில் ஒரு விறகுப் புகை வாசம் சுற்றும். அது கூந்தலிலிருந்து வருகிறது என்று வெகுநாள் நினைத்திருந்தேன். படங்கிலிருந்து வருகிறது.

இந்த இடத்தில் அந்த ரப்பர் உடுப்புக்காரர்களைக் கொஞ்சம் கூப்பிட்டுக்கொள்ளலாம். குளிர்நீரில் மூழ்குகிறவர்களுக்கு ஏற்ற உடுப்பை 1950களின் தொடக்கத்தில் யோசித்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். அவருக்குப் பிடிபட்ட விசயம் எளிமையானது: குளிராமல் இருக்க உடம்பு உலர்ந்திருக்க வேண்டியதில்லை. நியோப்ரீன் என்ற ரப்பர் நுரையில் அடைபட்ட நுண்ணிய காற்றுக்குமிழிகள் சூட்டைக் காத்துக்கொள்ளும். உள்ளே புகுந்த கொஞ்சத் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். உடுப்பு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். தளர்ந்தால் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் ஓயாது. ஆகையால் அந்தக் கழுத்துப் பிடியும் கன்னப் பிதுங்கலும் உடுப்பின் குறையில்லை. இறுக்கம்தான் அங்கே சூடு.

மலையகத்துப் பெண்கள் இதை வேறு வழியாக வந்து அடைந்தார்கள். அவர்களுடைய முன்னோர்கள் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துப் பொட்டல் காடுகளிலிருந்து வந்தவர்கள். குளிர் என்றால் மார்கழி மாதத்து விடியற்காலை என்ற அளவில்தான் அவர்களுக்குத் தெரியும். மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து, கோப்பித் தோட்டங்களில் ஏறியபோது கையில் கிடைத்தது ஒரு கறுப்புக் கம்பளி. தோட்டம் அதைத் தானமாகக் கொடுத்துவிடவில்லை, கூலியில் பிடித்துக்கொண்டது. முரட்டுக் கம்பளி, தோலை அரிக்கும், நனைந்தால் கனக்கும். ஆனாலும் ஆட்டு மயிரின் குணம், நனைந்த பிறகும் சூட்டை முழுக்க விட்டுவிடாது. பகலில் மழைக்குத் தலையிலிருந்து முதுகு வரைக்கும் கொங்காணி, இரவில் போர்வை, பிள்ளை பிறந்தால் அதைச் சுற்றி வைக்கும் துணி. எல்லாம் அந்த ஒன்றுதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது அங்கே மண் கொத்தியவர்களின் முதுகிலும் அந்தக் கறுப்புத்தான் கிடந்திருக்கும்.

கொங்காணி போடுவதில் ஒரு நுட்பம் உண்டு. சாக்கின் அடி மூலை ஒன்றை எதிர் மூலைக்குள் குத்தி நுழைத்தால் கூம்பு மாதிரி ஒரு குல்லாய் வரும். முதுகுப் பக்கம் தானாக விரிந்து தொங்கும். இதைச் சின்னப் பிள்ளையும் செய்யும். நுட்பம் அந்தக் கூம்பை எங்கே உட்கார வைப்பது என்பதில். நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டால் முகத்தில் தண்ணீர் சொட்டாது, ஆனால் பக்கப்பார்வை போய்விடும். நிரையில் பக்கத்தில் நிற்கிறவளும் தெரியமாட்டாள், சரிவும் தெரியாது. பின்னால் தள்ளினால் பிடரி வழியே தண்ணீர் இறங்கும். காது மடல் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் இரண்டும் தப்பும், கங்காணி கூப்பிடுவதும் கேட்கும். கேட்காத மாதிரி இருக்க வேண்டிய நேரத்தில் இழுத்துவிட்டுக்கொள்ளவும் வசதி என்று அக்கா சொன்னபோது கண்ணைச் சிமிட்டினார்.

இப்போது கம்பளி இல்லை, பொலித்தீன்தான். மழை உள்ளே வராது. ஆனால் உள்ளே ஊறுகிற வியர்வை வெளியே போகாது. சரிவில் ஏறி இறங்கிப் பறிக்கிறவளுக்கு ஒரு மணி நேரத்தில் பொலித்தீனுக்கு உள்ளேயே ஒரு மழை பெய்துவிடும், நின்றவுடன் அது குளிரும். அதனால்தான் உள்ளே ஒரு முழுக்கைச் சட்டை. அது புருசனுடையதோ மகனுடையதோ, கொழும்பில் கடையிலோ கந்தோரிலோ வேலை செய்து நிறம் மங்கிப்போய் மலைக்குத் திரும்பி வந்தது. மணிக்கட்டுப் பொத்தானை மட்டும் கண்டிப்பாகப் பூட்டியிருப்பார்கள், மேல் பொத்தான் திறந்தே கிடக்கும். காற்று கழுத்து வழியே வெளியேறலாம், கை வழியே உள்ளே வரக்கூடாது. சிலருடைய முதுகில் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஆங்கில வாசகம் கூடைக்குப் பின்னால் பாதி தெரியும். ஒருவரும் அதை வாசித்ததாகத் தெரியவில்லை. வாசிக்கும் அளவுக்கு நானும் பின்னால் நிற்கவில்லை.

கூடைக் கயிறு தனிக் கதை. பிரம்புக் கூடை போய் நைலோன் பை வந்துவிட்ட தோட்டங்களிலும் கயிறு தலையில்தான். வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று: பள்ளிப் பிள்ளைகள் மாதிரித் தோளில் மாட்டினால் என்ன? நானும் கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பறித்து, நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவது மாதிரி வெறுங்கையில் செய்து காட்டினார். "இதுல எங்க தம்பி பட்டைய மாட்டுவீங்க?" உண்மைதான். அந்த வீச்சுத் தோளிலிருந்து பிறக்கிறது. பறித்த கொழுந்தைத் திரும்பிப் பாராமல் பின்னால் எறிய, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ, தோள் சும்மா இருக்க வேண்டும்.

கயிற்றை நெற்றியில் போடுவதில்லை. நெற்றிக்கு மேலே, முடி தொடங்கி நாலு விரல் தள்ளி. அதற்குக் கீழே நாலாய் மடித்த துணி. காலையில் ஓரிடம், பத்து மணிக்குக் கொழுந்து நிறுத்த பிறகு ஒரு விரலுக்குப் பின்னால், பகலுக்குப் பிறகு இன்னொரு விரல். ஒரே இடத்தில் வைத்தால் தலை மரத்து, சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வந்து உட்காரும். கயிற்றின் நீளம், கூடையின் அடி எங்கே படும் என்று பார்த்து முடிபோடப்படுகிறது. அக்கா படங்கின் மேல் ஓரத்தை இரண்டு மடிப்பாகச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் ஒரு வரம்பு மாதிரி வைப்பாராம். கூடையின் அடி அந்த வரம்பில் உட்காரும். பாரத்தில் பாதி தலைக்கு, பாதி இடுப்புக்கு. கழுத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

1986இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கென்யாவின் லுவோ, கிக்குயு இனப் பெண்களை நடக்கவைத்து அவர்கள் மூச்சில் செலவாகும் ஒட்சிசனை அளந்திருந்தார்கள். லுவோப் பெண்கள் உச்சந்தலையில் சுமப்பவர்கள். கிக்குயுப் பெண்கள் நெற்றியில் வார் போட்டு முதுகில் சுமப்பவர்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் ஏற்றினாலும் இவர்களுக்குக் கூடுதலாக ஒட்சிசன் செலவாகவே இல்லை என்று கண்டார்கள். சிறுவயது முதல் பழகிய உடம்பு பாரத்தைத் தன் நடைக்குள் எப்படியோ கரைத்துக்கொள்கிறது. 45 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு அது 9 கிலோ. கூடை நிறுவைக்குப் போகிற நேரத்தில் அதில் கிடப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் அந்த ஆய்வு சமதளத்தில் நடந்தது. மழையில் வழுக்கும் சரிவில், முழங்கால் அளவு வடிகான் தாண்டி, செடிக்குள் இடுப்பை நுழைத்து நிற்கிறவளை யாரும் அப்படி அளந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆகவே அந்த இலக்கத்தைக் காட்டி, இவர்களுக்குச் சுமையே தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம்.

உடம்பெல்லாம் மூடியிருக்க, கை மட்டும் திறந்திருக்கிறது. குளிர்நீரில் மூழ்குகிறவர் விரலையும் மூடிக்கொள்கிறார். விறைத்துப்போனால் வால்வைத் திருக முடியாது. கொழுந்து பறிக்கிறவளால் அதை மூட முடியாது. இரண்டிலையும் ஒரு மொட்டும் எங்கே முறியும், எங்கே முற்றிப்போய் நார் விடும் என்பதைக் கண் சொல்வதில்லை, விரல் நுனி சொல்கிறது. வங்கி விழுந்த கொழுந்தைத் தொட்டதுமே தெரியும் என்பார்கள். மொட்டு உறங்கிப்போன கொழுந்துக்கு அந்தப் பெயர். உறை போட்ட கை குருடு. அதனால் குளிரிலும் ஈரத்திலும் வெறும் விரல்தான்; தேயிலைச் சாறு வெடிப்புகளில் இறங்கிக் கறுத்து, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கோடுகளாக நிற்கும். ஆட்காட்டி விரலின் உள்பக்கம் சிலர் துணித் துண்டு சுற்றியிருப்பார்கள், நுனியை விட்டுவிட்டு.

விறைத்த கையை அவர்கள் எங்கே சூடேற்றுகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூடைக்குள். பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அமுக்கி நிறைத்தால் உள்ளே சூடு சேரும். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, அது ஆகாது, கொழுந்து வெந்து சிவந்துவிடும் என்று திட்டு விழும். ஆனால் நிறுவைக்குக் கூடையை இறக்கி வைத்து வரிசையில் காத்திருக்கும்போது, கொழுந்தைக் கிளறி ஆற்றிவிடுகிற சாக்கில் கை உள்ளே போகும். இரண்டு நிமிடம், அவ்வளவுதான். "கோழி அடியில கை வச்ச மாதிரி இருக்கும்" என்றார் அக்கா. முதுகுக்கும் அந்தச் சூடு கொஞ்சம் எட்டுமாம், பகல் கூடையில்தான். காலைக் கூடை பனி ஈரத்தோடு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி. அந்த ஈரத்துக்கென்று நிறுவையில் சில கிலோவைக் கழித்துவிடுவது வேறு. குளிரைச் சுமந்தவளே அதன் எடைக்கும் பணம் கட்டுகிறாள்.

காலுக்குச் சவர்க்காரம். நுரைக்க அல்ல. காய்ந்த கட்டியை முழங்கால் வரைக்கும் வரட்டுவரட்டென்று தேய்த்துவிட்டால் அட்டை ஏறாது, ஏறினாலும் வழுக்கும். மழை பிடித்தால் கால் இரண்டும் நுரைத்துக்கொண்டே மலை ஏறும் காட்சியைப் பார்க்கலாம். உப்பு, சுண்ணாம்பு, எலுமிச்சை என்று ஆளுக்கொரு கட்சி. அக்கா சுண்ணாம்புக் கட்சி.

இனி முடிச்சு. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

படங்கைச் சுற்றி இடுப்பில் ஒரு கயிற்றால் கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் சாக்கு மூட்டை கட்டின மாதிரி இருக்கும். கிட்டப் போனால்தான் தெரியும். கயிற்றின் ஒரு நுனி மடிந்து உள்ளே போய், இன்னொரு நுனி வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்குகிறது. எவ்வளவு அசைந்தாலும் இறுகி நிற்கும். அந்தத் தொங்குகிற நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், முழுக் கட்டும் காலடியில் விழும். மலையில் கக்கூசு இல்லை; அவசரத்துக்கு இது உதவும் என்று நினைத்தேன். பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்க ஓடுகிறவளுக்கும் உதவும். அதெல்லாம் உண்மை. ஆனால் காரணம் அது இல்லை.

காரணம் குளவி. செடிக்கு அடியிலோ மேலே நிழல் மரத்திலோ கூடு இருக்கும். கை பட்டோ, காற்றில் கிளை முறிந்தோ, பருந்து கொத்தியோ அது கலைந்தால் அந்த மலையே இரையும். குளவி கொட்டி இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் என்ற செய்தி மலையகத்துப் பத்திரிகையில் வராத மாதம் குறைவு. உயிர் போனதும் உண்டு. அந்தக் கணத்தில் தலைக் கயிற்றைத் தள்ளிக் கூடையை விட வேண்டும், படங்கை உருவ வேண்டும். ஓட வழி இருந்தால் ஓட வேண்டும். படங்கோடு சரிவில் ஓட முடியாது, கால் பின்னும். வழி இல்லாவிட்டால் குப்புற விழுந்து, உருவிய அதே படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் இருக்கிற நேரம் இரண்டு மூச்சு. இரண்டு கைவேலை ஆகாது. ஒரு கை முகத்தை மூடியிருக்கும். ஆகவே ஒரு கையால், பார்க்காமல், விறைத்த விரலால் அவிழ வேண்டும். அம்மா மகளுக்குப் படங்கு கட்டிவிடும் முதல் நாளில் கட்டுவதைச் சொல்லித் தருவதில்லையாம். கண்ணை மூடச் சொல்லி அவிழ்க்கத்தான் சொல்லித் தருவார்களாம், பத்துத் தடவை.

பிறகு ஒரு நாள், மூழ்குகிறவர்களின் ஈயப்பட்டையைப் பற்றி வாசித்தபோது இதே விதி அங்கேயும் எழுதியிருந்தது. பட்டையின் கொளுவி ஒரே கையால், ஒரே இழுப்பில் கழல வேண்டும். வேறெந்த வாரும் அதற்கு மேலே குறுக்கே ஓடக்கூடாது. அவர்களுக்கு அதைப் பயிற்சிப் புத்தகம் சொல்லித் தருகிறது. இங்கே புத்தகம் இல்லை, கண்ணை மூடிய ஒரு பெண்பிள்ளை.

வசதி கூடினால் வேலையும் கூடும் என்பதையும் இதோடு சொல்லிவிட வேண்டும். கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்று பெண்கள் இருக்கிறார்கள். மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பியும் பாசியும் எடுப்பவர்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1970கள் வரைக்கும் அவர்கள் மூழ்கியது பருத்தி உடுப்பில். குளிர் தாங்காமல் சீக்கிரமே கரையேறி, கல் சுவருக்குள் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருவார்கள். ரப்பர் உடுப்பு வந்தது, குளிர் குறைந்தது, தண்ணீரில் இருக்கும் நேரம் மணிக்கணக்கில் நீண்டது. நெருப்பைச் சுற்றி உட்காரும் பொழுதும் போனது. பொலித்தீன் கொங்காணி வந்த பிறகு மழைக்கு ஒதுங்கும் பேச்சு மலையில் குறைந்த கதையும் இதுதான். ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாட்கூலிக்கு, பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று கேட்கிறார்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வர்த்தமானியில் ஏறியது. அதே 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்களே, விளைச்சல் விழுந்ததை எல்லோரும் கணக்கிட்டார்கள். புது உரச்சாக்கு வராமல், ஒட்டுப்போட்ட படங்கோடு மலைக்குப் போன பெண்களை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

தடித்த சாக்கும் கயிறும் பொலித்தீனும் அவர்களுக்கென்று இழைத்தது அல்ல, கிடைத்தது. எந்தத் தையற்காரரும் அவர்கள் உடம்பை அளந்து வெட்டவில்லை. அதைத்தான் நாலு விரல் ஏற்றி, ஒரு விரல் பின்னால் தள்ளி, ஓரத்தைச் சுருட்டி, பாதிக் காதை வெளியே விட்டு, உடம்புக்கு இணங்க வைத்திருக்கிறார்கள். நான் ஒரு முறை கட்டிப் பார்த்தேன். இறுகக் கட்டினால்தான் நிற்கும் என்று நினைத்து மூச்சை இழுத்துக் கட்டினேன். அக்கா பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் நடுவே தன் ஆட்காட்டி விரலை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அவிழ்த்து, விரலை உள்ளே வைத்துக்கொண்டே மறுபடி கட்டி, விரலை உருவிக்கொண்டார். "இது மூச்சுக்கு விடுற எடம் தம்பி. மேடு ஏறையில வயிறு கேக்கும்."

அது பின்னால் ஒரு நாள் நடந்தது. காசல்ரீக் கரையில் அன்று எங்களுக்கு அடுத்த பஸ் முக்கால் மணி நேரம் வரவில்லை. அதற்குள் மூழ்கியவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். தலையுறையை உரித்ததும் முகம் சிவந்து, தாடையைச் சுற்றி ஒரு கோடு பதிந்திருந்தது. கடைசியாக ஏறியவர் மற்றவர்களைவிட மெதுவாக வந்தார். கல்லில் உட்காரும் முன்பே பட்டையை ஒரே இழுப்பில் கழற்றித் தரையில் போட்டார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் இடுப்பெலும்பை அமுக்கி அமுக்கித் தேய்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. பை, குடை, வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, வளைவில் பஸ் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தார்.